அரக்னோஃபோபியா: தப்பான சிலந்திக்குப் பயந்த கதை

ரொம்ப வருஷம் கழித்து 'அரக்னோஃபோபியா' (1990) படத்தை மறுபடி பார்த்தேன். பள்ளிக்கூட நாளில் கேபிளில் பார்த்துவிட்டு, ஒரு மாசம் ஷூவை உதறாமல் காலை நுழைத்ததில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் எட்டுக்கால் பூச்சிகளைத் தேடித் தேடி விளக்குமாற்றால் அடித்துக் கொன்றேன். அவற்றுக்குக் 'குட்டி டாரண்டுலா' என்று நானே பெயரும் வைத்திருந்தேன். சிலந்திகளைப் பற்றிக் கொஞ்சம் படித்த பிறகு இப்போது பார்த்தால், படம் என்னை எங்கே ஏமாற்றியது என்று தெரிகிறது.

கதை இதுதான். வெனிசுவேலாக் காட்டிலிருந்து ஒரு ராட்சத சிலந்தி சவப்பெட்டிக்குள் ஒளிந்து கலிஃபோர்னியாவின் சிற்றூர் ஒன்றுக்கு வந்து சேர்கிறது. அங்கே ஒரு வீட்டுச் சிலந்தியோடு கூடுகிறது. பிறக்கும் குட்டிகள் ஊரையே கொல்லக் கிளம்புகின்றன. இயக்குநர் ஃபிராங்க் மார்ஷல் பயமுறுத்தத் தெரிந்தவர், அதில் சந்தேகமில்லை. விளக்கு, செருப்பு, குளியலறை என்று நாம் தினமும் கை வைக்கும் இடங்களாகப் பார்த்துச் சிலந்தியை வைக்கிறார்.

ஆனால் அந்தக் கலப்புதான் இடிக்கிறது. பெரிய சிலந்தியாக நடித்தது தென் அமெரிக்கப் பறவைதின்னி டாரண்டுலா. டாரண்டுலாக்கள் மிகலோமார்ஃப் என்ற பிரிவைச் சேர்ந்தவை. வீட்டில் வலை பின்னும் சிலந்தி, தோட்டத்துச் சிலந்தி, குதிக்கும் சிலந்தி எல்லாம் அரேனியோமார்ஃப் என்ற இன்னொரு பிரிவு. டாரண்டுலாவின் விஷப்பற்கள் இரண்டும் பக்கம் பக்கமாக நின்று, கடப்பாரை மாதிரி மேலிருந்து கீழே குத்தும். மற்றதன் பற்கள் இடுக்கி மாதிரி எதிரெதிராக வந்து கவ்வும். டாரண்டுலாவுக்குப் புத்தக நுரையீரல் இரண்டு ஜோடி. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஜோடிதான், மிச்சத்துக்குக் காற்றுக் குழாய்கள். பெண் டாரண்டுலா 20 வருஷம்கூட வாழும். வீட்டுச் சிலந்திகள் பலவற்றுக்கு ஓரிரு வருஷமே ஆயுள்.

இரண்டுக்கும் மூதாதை ஒன்றுதான். எட்டுக் கால், பட்டு நூல், விஷம் எல்லாம் அந்த வழியில் வந்த பொதுச் சொத்து. ஆனால் சொத்துப் பிரிந்து ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. மனிதனின் மூதாதையும் கோழியின் மூதாதையும் கிளை பிரிந்ததும் கிட்டத்தட்ட அந்தக் காலத்தில்தான். மனிதனும் கோழியும் கூடிப் பிள்ளை பெற்றதாகப் படம் எடுத்தால் சிரிப்போம். சிலந்தி என்றால் மட்டும் நம்பிவிடுகிறோம்.

ஏன் நம்புகிறோம்? பெரிசு பார்க்கப் பயமாக இருக்கும், சிறிசு வீட்டுக்குள் நுழையும். படத்துக்கு இரண்டும் வேண்டும், அதனால் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். நமக்கும் எல்லாம் ஒரே 'பூச்சி', அதில் பெரிசுதான் தலைவன். இந்தக் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. முதன்முதலில் டாரண்டுலா என்று அழைக்கப்பட்டது இத்தாலியின் தாரந்தோ பகுதி ஓநாய்ச் சிலந்தி. அது அரேனியோமார்ஃப்! ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டங்களில் மயிர் அடர்ந்த பெரிய சிலந்திகளைப் பார்த்ததும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். இன்றைக்குப் பெயர் முழுக்க அவற்றுக்கே போய்விட்டது.

சரி, ஆபத்தாவது உருவத்தைப் பொறுத்ததா? அதுவும் இல்லை. டாரண்டுலா கடித்தால் வலிக்கும், சில இனங்கள் கடித்தால் தசை கடுமையாக இழுக்கும். ஆனால் அதன் விஷத்தால் மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. கொல்லக்கூடிய சிட்னி புனல்வலைச் சிலந்தி டாரண்டுலாவின் பிரிவைச் சேர்ந்தது. அதைவிட எத்தனையோ சின்னதான கருப்பு விதவைச் சிலந்தி எதிர்ப்பிரிவைச் சேர்ந்தது. உடம்பின் அளவை வைத்தோ உறவை வைத்தோ விஷத்தைக் கணிக்க முடியாது.

இதையெல்லாம்கூட சினிமாதானே என்று விட்டுவிடலாம். என்னை உறுத்துவது வேறு. படத்தில் கொலைகாரக் குட்டிகளாக ஓடுபவை, நியூசிலாந்தில் அவோண்டேல் சிலந்தி என்று அழைக்கப்படும் வேட்டைச் சிலந்திகள். பெரிசாக இருக்கும், கூட்டமாக வாழும், மனிதருக்கு ஆபத்து இல்லை. அதனால்தான் நடிக்கத் தேர்ந்தெடுத்தார்கள். நம் வீட்டுச் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வெள்ளை வட்டமான முட்டைப் பையை வயிற்றுக்கடியில் சுமந்து திரிகிறதே, அதுவும் இதே குடும்பம்தான். வலை கட்டாது, ராத்திரியில் கரப்பான் பிடிக்கும்.

நான் விளக்குமாற்றால் அடித்தது அதைத்தான். முட்டைப் பையோடு இருந்தவற்றையும் விடவில்லை. டாரண்டுலாவுக்கும் அதற்கும் 30 கோடி வருஷத் தூரம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம். போன வாரம் ஒன்று குளியலறைக் கதவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தது. பயம் இன்னும் போகவில்லை, வாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டுதான் குளித்தேன். ஆனால் அதை அடிக்கவில்லை.