ஒரு தாய், ஏழு குரல்கள்

ஒரே பாத்திரத்தைப் பல தலைமுறை நடிகையர் பாடிப் பதிவு செய்த இசைத்தட்டுகளை வரிசையாக வைத்துக் கேட்டு ஒப்புநோக்குவதற்கு அமெரிக்க இசை நாடகங்களில் மிகவும் தகுதியானது எது என்று கேட்டால், 1959ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி நியூயார்க் பிராட்வே தியேட்டரில் அரங்கேறிய ‘ஜிப்ஸி’யையே தயங்காமல் சொல்வேன். வேறு பல நாடகங்களில், முதன்முதலில் வேஷம் கட்டியவரின் நிழலிலிருந்து பின்வந்தவர்கள் விலகவே முடிவதில்லை. அல்லது பாத்திரமே இனிய பாட்டுகளின் கோவையாக இருந்து, நல்ல சாரீரம் படைத்த எவர் பாடினாலும் ஒன்றுபோலவே அமைந்துவிடுகிறது. ‘ஜிப்ஸி’யின் நாயகியான ரோஸ் என்னும் தாயோ, அவளைப் பாட வந்த ஒவ்வொருத்தியிடமும் ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்கு விடை சொல்லாமல் பாடவே முடியாதபடி செய்துவிடுகிறாள்.

ஜிப்ஸி ரோஸ் லீ என்ற பெயரில் அமெரிக்காவெங்கும் பிரசித்தி பெற்ற ஆடை களையும் ஆட்டக்காரி 1957இல் வெளியிட்ட சுயசரிதையிலிருந்து பிறந்தது இந்நாடகம். நாடகத்தை எழுதிய ஆர்தர் லாரண்ட்ஸ், மகளின் கதையைவிடத் தாயின் கதையே நாடகத்துக்குரியது என்று கண்டுகொண்டார். வாடவில் என்னும் பல்சுவை மேடை, பேசும் படம் வந்தபின் மெல்ல மெல்ல அழிந்துகொண்டிருந்த காலத்தில், தன் இரு பெண்களையும் அம்மேடையின் நட்சத்திரங்களாக்கியே தீருவது என்று ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைகிறாள் ரோஸ். கெட்டிக்காரியான இளையவள் ஜூன் ஒரு நாள் ஓடிப்போய்விடுகிறாள். ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மூத்தவள் லூயிஸ், ஆடை களையும் ஆட்டம் நடக்கும் பர்லெஸ்க் கொட்டகையொன்றில் தாயினாலேயே முன்னே தள்ளப்பட்டுப் புகழும் பொருளும் அடைந்து, பிறகு தாயை வேண்டாதவளாக்கிவிடுகிறாள். செய்ததெல்லாம் பெண்களுக்காக அன்று, தனக்காகவே என்பதை இந்தத் தாய் எந்தக் கணத்தில் உணர்கிறாள், அல்லது உணராமலேயே போகிறாளா என்பதுதான் நான் குறிப்பிட்ட கேள்வி. ஏழு நடிகையர் ஏழு விதமாக விடை சொல்லியிருக்கிறார்கள்.

முதல் விடை எத்தல் மெர்மனுடையது. முறையான சங்கீதப் பயிற்சி எதுவுமின்றி, சுருக்கெழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்து 1930இல் மேடைக்கு வந்தவர் அவர். ஒலிபெருக்கியின் துணையின்றி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஓரெழுத்துப் பிசகாமல் எட்டும் சாரீரம் அவருடையது. அவரை மனத்தில் வைத்தே நாடகம் எழுதப்பட்டது. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’க்குப் பாடல் வரிகள் எழுதியிருந்த இளைஞர் ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசையையும் தாமே அமைக்க விரும்பியபோது, பழக்கமற்ற இசையமைப்பாளரை நம்ப மாட்டேன் என்று மறுத்துவிட்டவரும் மெர்மன்தான். ஆகவே இசை ஜூல் ஸ்டைனுக்குப் போயிற்று. மனம் சோர்ந்த சோண்ட்ஹைமை, ஒரு நட்சத்திர நடிகைக்காக எழுதும் அனுபவத்தை இழக்காதே என்று தேற்றி இணங்க வைத்தவர் அவருடைய குருவான ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன்.

நாடகத்தின் சிகரமான ‘ரோஸஸ் டர்ன்’ பிறந்த விதம் தனியே சொல்லத் தக்கது. அந்த இடத்தில் ஒரு நடனக் காட்சி வைக்க எண்ணியிருந்த இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ், அதற்கு அவகாசமில்லாமற் போகவே, நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டரின் மேல்மாடி அரங்கில் ஓரிரவு சோண்ட்ஹைமோடு தனித்திருந்து, மங்கிய வெளிச்சத்தில் தாமே ரோஸாக மேடையில் உலவத் தொடங்கினார். பியானோவின் முன் அமர்ந்திருந்த சோண்ட்ஹைம், அதுவரை நாடகத்தில் வந்த பாட்டுகளின் துணுக்குகளையெல்லாம் எடுத்து, வெட்டி, ஒட்டி, அந்த உலவலுக்கு ஏற்ப வாசித்துக்கொண்டே போனார். அவ்விரவில் ஸ்டைன் உடனில்லை. ஆதலால் ‘ரோஸஸ் டர்ன்’ ஒரு புதுப் பாட்டன்று. ஒருத்தியின் மனம் தன்னுடைய பழைய சொற்களையே திரும்பத் திரும்பப் பிராண்டிக்கொள்ளும் நிலை. ரோஸாக வேஷம் கட்டிய எவரையும் எடைபோட வேண்டுமானால், அவருடைய தட்டில் இந்த ஐந்து நிமிஷத்துக்குக் குறைவான பகுதியை மட்டும் கேட்டாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

மெர்மனின் தட்டை வெளியிட்டது கொலம்பியா கம்பெனி; உருவாக்கியவர் காடர்ட் லீபர்சன். நாடகத்தை அப்படியே பிரதி எடுப்பது இசைத்தட்டின் வேலையன்று, வீட்டில் உட்கார்ந்து கேட்பவனின் காதுக்காக அதை மறுபடி அமைக்க வேண்டும் என்ற கொள்கையுடையவர் அவர். இருபக்கமும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும் எல்.பி. தட்டில் இரண்டரை மணி நேர நாடகத்தை அடக்குவதற்காக வசனங்களை இரக்கமின்றி நீக்கினார். ஆனால் சிட் ராமினும் ராபர்ட் கின்ஸ்லரும் அமைத்த வாத்திய இசையைச் சிதையாமல் வைத்தார். பர்லெஸ்க் கொட்டகையின் சாராயமும் புழுதியும் மணக்கும் அந்த முன்னிசையில் டிரம்பெட் கிளம்பும் இடம் இன்றைக்கும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. பின்வந்த பதிவுகளில் ஒலி தெளிந்திருக்கிறதே தவிர, அந்த வேகமும் துணிவும் கூடவில்லை.

மெர்மனுக்கு நடிக்கத் தெரியாது, பாட மட்டுமே தெரியும் என்பது நெடுநாளாக வழங்கிவரும் தீர்ப்பு. ‘ரோஸஸ் டர்ன்’ நடுவில் ‘மாமா’ என்னும் சொல் வாயில் சிக்கித் திக்கும் இடம் ஒன்று உண்டு. ரோஸின் மனம் உடையத் தொடங்குவதற்கு அறிகுறி அது என்று சோண்ட்ஹைம் விளக்கியபோது, மெர்மன் கேட்டது அது தாளத்தில் எங்கே விழுகிறது என்பதை மட்டுந்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். தட்டைக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கிறது: திக்கல் தாளத்தில் அச்சடித்தாற்போல் விழுகிறது, உடைவு என்று ஒன்றுமே தெரியவில்லை. நான் இதைக் குறையாகக் கருதவில்லை. முதல் அங்கத்தின் முடிவில், ஜூன் ஓடிப்போன செய்தியைத் தாங்கிய கடிதம் வந்ததும், ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு, இனி லூயிஸை நட்சத்திரமாக்குவேன் என்று ரோஸ் ‘எவ்ரிதிங்ஸ் கமிங் அப் ரோஸஸ்’ பாடும்போது, பின்வந்த நடிகையர் ஏறக்குறைய எல்லாருமே ஏதேனும் ஒரு சொல்லில் பைத்தியத்தின் சாயலை நமக்குக் காட்டி எச்சரித்துவிடுகிறார்கள். மெர்மன் எச்சரிப்பதில்லை. அவருடைய குரலில் முழு நம்பிக்கை, கள்ளங்கபடற்ற உற்சாகம், வெற்றியின் முழக்கம். பெற்ற மகள் பக்கத்தில் நடுங்கி நிற்கையில் ஒரு தாயால் இவ்வளவு சந்தோஷமாகப் பாட முடிகிறதே என்பதுதான் அக்காட்சியின் பயங்கரம். அதை அறியாமலே பாடுகிற குரலில்தான் அது முழுமையாக வெளிப்படுகிறது. மெர்மனின் ரோஸ் கடைசிவரை தன்னை உணராதவள். நடிப்பினால் வந்ததாயினும் இயல்பினால் வந்ததாயினும், அது ஒரு பூரணமான விடை.

1962இல் வந்த திரைப்படத்தில் மெர்மனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் அதை வெகுகாலம் மறக்கவுமில்லை. ரோஸாக வந்த ரோசலின்ட் ரஸ்ஸலுக்காகப் பெரும்பாலும் பின்னணியில் பாடியவர் லிசா கர்க். நடிப்பு ஒருத்தியுடையதும் பாட்டு இன்னொருத்தியுடையதுமாக இருக்கும் அந்தத் தட்டை ஏழு குரல்களில் ஒன்றாக நான் சேர்க்கவில்லை.

நாடகம் நியூயார்க்கில் அரங்கேறும் முன் பிலடெல்பியாவில் முன்னோட்டம் நடந்தபோது, ‘ரோஸஸ் டர்ன்’ அபஸ்வரமான வயலின் ஒலியில் தேய்ந்து, கைதட்டலுக்கு இடமின்றி அடுத்த காட்சியில் கரைந்துவிடும்படி அமைந்திருந்தது. அதைக் கண்ட ஹாமர்ஸ்டைன், அத்தகைய பாட்டுக்குப் பின் கைதட்டத் தவித்துக்கொண்டிருக்கும் சபை, அதற்கு வழியில்லாவிட்டால் தாய்க்கும் மகளுக்கும் நடக்கும் கடைசி உரையாடலைக் காதில் வாங்காது என்று எச்சரித்தார். சோண்ட்ஹைம் மனமில்லாமலே இணங்கினார். பாட்டுக்கு முழக்கமான முடிவு ஏற்பட்டது. அந்தக் கடைசி உரையாடல் பெரும்பாலான தட்டுகளில் இல்லாமையால், தட்டை மட்டும் கேட்டவன், நாடகம் ரோஸின் வெற்றியில் முடிகிறது என்றே எண்ணிவிடக்கூடும்.

அந்தக் கைதட்டலையே அர்த்தமுள்ளதாக மாற்றியது, 1973இல் லண்டன் பிக்கடில்லி தியேட்டரில் லாரண்ட்ஸ் தாமே இயக்கி, ஆஞ்சலா லான்ஸ்பரி ரோஸாக நடித்த தயாரிப்பு. பாட்டு முடிந்து, சபை ஆரவாரித்து, லான்ஸ்பரி தலை வணங்கி ஏற்றுக்கொள்கிறார், ஆரவாரம் தணிகிறது, அவரோ வணங்கிக்கொண்டே இருக்கிறார். இத்தனை நேரமும் ரோஸ் வணங்கியது நமக்கன்று, தன் மனத்துக்குள் மட்டுமே இருந்த ஒரு சபைக்கு என்பதைக் கொட்டகை நிறைந்த ஜனங்கள் அப்போது உணர்ந்து வாயடைத்துப் போகிறார்கள். எந்த இசைத்தட்டாலும் இதைப் பிடிக்க முடியாது. ஆனால் அந்த வணக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் குரலைத் தட்டில் கேட்கலாம். மெர்மனைவிட மெல்லிய குரல்தான். மெய்யெழுத்துகளைக் கத்தரித்துத் துப்பும் உச்சரிப்பில் எரிச்சலும் அவமானமும் மாறி மாறி எழுகின்றன. லான்ஸ்பரியின் ரோஸ் ஒரு கணம் உண்மையை உணர்ந்து, தாங்கமாட்டாமல் கற்பனைக்குள் திரும்ப ஓடிவிடுகிறாள். 1974இல் இத்தயாரிப்பு நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்கும் வந்து அவருக்கு டோனி விருதைப் பெற்றுத் தந்தது.

1989இல், தொலைக்காட்சியில் போலீஸ் அதிகாரியாக நடித்துப் புகழ்பெற்ற டைன் டேலி, மறுபடியும் லாரண்ட்ஸின் இயக்கத்தில் ரோஸானார். கரகரத்த குரல், உச்ச ஸ்தாயியில் அது விரிசல் விடுவதைத் தட்டு மறைக்கவுமில்லை. பாட்டில் அழகைத் தேடுபவர்களுக்கு இது உவக்காது. வாழ்நாளெல்லாம் வாடகை அறைகளிலும் ரயில் பெட்டிகளிலும் கிடந்த ஒரு ஸ்திரீயின் களைப்பு இந்தக் குரலில்தான் மிகவும் உண்மையாக இருக்கிறது என்பதற்காக நான் இதை மதிக்கிறேன்.

2003இல் சாம் மெண்டஸ் இயக்கத்தில் நடித்த பெர்னடெட் பீட்டர்ஸ், சிறு பெண்ணாக இருந்தபோதே ‘ஜிப்ஸி’யின் சுற்றுப்பயணக் குழுவில் மேடையேறியவர். தேன் கலந்த, லேசாக நடுங்கும் இளமைக் குரல் அவருடையது. இது ரோஸின் குரலே அன்று என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். ‘ஸ்மால் வோர்ல்ட்’ பாட்டைக் கேட்டால் அந்த ஆட்சேபம் நிற்காது என்பது என் கட்சி. ரோஸ் ஹெர்பி என்னும் நல்லவனை வசப்படுத்தித் தன் குழுவுக்கு ஏஜெண்டாக்கிக்கொள்ளும் இடம் அது. மெர்மன் பாடும்போது அது வியாபாரம். பீட்டர்ஸ் பாடும்போது அவன் ஏன் இத்தனை வருஷம் அவளை விட்டுப் போகாமலிருந்தான் என்பது விளங்குகிறது. தானே நட்சத்திரமாகியிருக்கக் கூடியவள் இந்த ரோஸ்; அதனால் அவளுடைய நஷ்டமும் பெரிது.

2008இல், தொண்ணூறு வயது நிறைந்த லாரண்ட்ஸ் மூன்றாம் முறையாக பிராட்வேயில் இந்நாடகத்தை இயக்கியபோது ரோஸாக வந்தவர் பேட்டி லூபோன். மெர்மனுக்குப் பின் அவ்வளவு வலிமை வாய்ந்த சாரீரம் இப்பாத்திரத்துக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் இருவரின் சக்தியும் ஒரே ஜாதியன்று. மெர்மனின் பலம் உற்சாகத்திலிருந்து வருகிறது, லூபோனின் பலம் கோபத்திலிருந்து. ‘ஸம் பீப்பிள்’ தொடங்கும்போதே உலகம் தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று வழக்காடுகிறவளின் தொனி வந்துவிடுகிறது. சில இடங்களில் சொற்கள் மழுங்கிப்போவதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அரங்கேற்றத்துக்கு முன்பே நீக்கப்பட்ட பாட்டுகள் சிலவற்றையும் சேர்த்திருப்பது இந்தப் பதிவின் விசேஷம். அவற்றில் ‘மாமாஸ் டாக்கின் சாஃப்ட்’ என்பதைக் கேட்டபின்தான், ‘ரோஸஸ் டர்ன்’ நடுவே முன்பின் தொடர்பின்றி வந்துபோகும் ஒரு துணுக்கு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

இங்கிலாந்தில் 2014இல் சிச்செஸ்டரிலும் மறு வருஷம் லண்டன் சவாய் தியேட்டரிலும் நடித்த இமெல்டா ஸ்டான்டன், உருவத்தில் சிறியவர், குரலில் கரடுமுரடானவர். சொல்லுக்கு முதலிடம் கொடுத்து, ஸ்வரத்தை அதற்கு அடிமையாக்கிப் பாடுகிறார். திக்கும் இடத்தில் அவர் உண்மையாகவே திக்குகிறார், தாளம் காத்திருக்கிறது. இந்த ரோஸ் எல்லாவற்றையும் முன்பே அறிந்தவள். அறிந்ததை அமுக்கி வைப்பதற்காகவே வாழ்நாள் முழுதும் சத்தம் போட்டவள்.

2024 டிசம்பரில் மெஜஸ்டிக் தியேட்டரில் ஜார்ஜ் சி. வுல்ஃபின் இயக்கத்தில் ரோஸாக வந்த ஆட்ரா மெக்டொனால்ட், பிராட்வேயில் இப்பாத்திரத்தை ஏற்ற முதல் கறுப்பினப் பெண்மணி. சாஸ்திரீய சங்கீதம் பயின்ற ஸொப்ரானோ அவர். நெஞ்சிலிருந்து முழங்கவென்றே எழுதப்பட்ட பாட்டுகளை, உச்சத்தில் தலைக்குரலுக்கு மாற்றிப் பாடுவது முறையா என்ற விவாதம் எழுந்தது. 2025இல் வெளிவந்த பதிவைக் கேட்டால், அந்த மாற்றம் நிகழும் இடங்களில் குரல் தளரவில்லை, திடீரென்று நிராதரவாகிறது என்பதே என் அனுபவம். தகுதி எவ்வளவு இருந்தும் கதவு திறக்கப்படாத ஒருத்தியின் ஆற்றாமை அது. அவருடைய நிறமும் அமெரிக்க மேடையின் சரித்திரமும் அந்த ஆற்றாமைக்குப் பின்னே நிற்கின்றன.

ரோஸைப் பற்றியே பேசுவதால் லூயிஸுக்கு அநியாயம் நேர்ந்துவிடுகிறது. நாடகத்தின் தொடக்கத்தில் குழந்தைகள் மழலையாகப் பாடும் ‘லெட் மீ என்டர்டெய்ன் யூ’வின் மெட்டையே, பின்னர் அவள் பர்லெஸ்க் மேடையில் நின்று, முதலில் கூச்சத்தோடும் பிறகு படிப்படியாக அதிகாரத்தோடும் பாட வேண்டும். 2008 பதிவில் லாரா பெனான்டி இந்த ஒரு பகுதிக்குள்ளேயே ஒரு பெண்ணின் பல வருஷ வளர்ச்சியைக் காட்டிவிடுகிறார்: ஆரம்பத்தில் மூச்சுக்குள் அடங்கிய முணுமுணுப்பு, நடுவே தன் குரலைத் தானே கேட்டு வியக்கும் ஒரு தயக்கம், இறுதியில் சபையைக் கட்டியாளும் நிதானம். தாயின் குரலைத் தேடி அவசரமாக அடுத்த பாட்டுக்குத் தாவும் ரசிகர்கள் இதைக் கேளாமல் விடக் கூடாது. மகளிடம் ரோஸ் எதைக் கண்டு பொறாமை கொண்டாள் என்பது இங்கே காதில் விழாவிட்டால், ‘ரோஸஸ் டர்ன்’ யார் பாடினாலும் காரணமற்ற கூச்சலாகவே ஒலிக்கும்.