மாங்காய்ப் பூட்டும் மசலாவும்

படைப்பாற்றல் இறைவன் மிகச் சிலர்க்கே அருளிய கொடை என்றும், ஏனையோர் அதனைக் கேட்டு வியக்கவே பிறந்தவர் என்றும் ஓர் எண்ணம் நம் திறனாய்வாளரிடையே வேரூன்றி நிற்கின்றது. இவ்வெண்ணத்தைத் திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறையில் வைத்து உரைத்துப் பார்ப்போம்.

2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகளுள் மாங்காய்ப் பூட்டு பெயர்போனது. அதனுள் அடுக்கிய லீவர்கள் யாவும் சாவி பட்டு உரிய உயரத்திற்கு எழுந்தாலன்றித் தாழ் நகராது. அரம் பிடித்து அதனை இழைப்பவரைத் தொழிலாளி என்கிறோம். அறிஞர் என்று சொல்ல நமக்கு நாவெழுவதில்லை.

1377இல் தம் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் இவ்விடத்தில் நமக்கு ஆசானாகின்றார். கிழக்கு நாட்டவர் பிறவியிலேயே மேற்கு நாட்டவரினும் மதிநுட்பம் மிக்கவர் என்று பலர் கருதியதை அவர் மறுத்தார். பலகாலும் செய்து செய்து உள்ளத்தில் ஊன்றும் திறனை அவர் 'மலக்கா' என்பார். தொழில் ஒவ்வொன்றும் தன்னைப் பயில்வோனுக்கு ஓர் அறிவைத் தருகின்றது என்பதும், நகரத்தாரிடம் காணும் கூர்மை அத்தகைய பயிற்சியின் விளைவே என்பதும் அவர் முடிபு.

இவ்வளவைக் கொண்டு நம் இலக்கியத்தை நோக்குவோம். அரபியில் 'மஸ்அலா' என்பது வினாவைக் குறிக்கும். வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572இல் அரங்கேறியது. ஆசிரியர் பெயர் விளங்காத 'நூறு மசலா'விலோ, அரசிளங்குமரி ஒருத்தி தொடுக்கும் நூறு வினாக்களுக்கும் விடை பகர்பவனே அவளை மணக்கலாம். முன்னதற்கு வரலாற்றில் இடமளிக்கும் நாம், பின்னதைப் 'பாமரர் கதை' என்று ஒதுக்குகிறோம். வகுப்பறையில் நாமும் அவ்வாறே கற்பித்ததுண்டு, அது பிழை.

விடுகதை ஒன்று வழங்குமாயின், அதனை அவிழ்க்க முயலும் செவிகளும் அங்கு உண்டென்பது பொருள். வினாவுக்கும் விடைக்கும் இடையிலுள்ள கணத்தில் கேட்போரின் அறிவே தொழிற்படுகின்றது. மசலா என்னும் பூட்டுக்குச் சாவி செய்தவர்கள் பெயரற்ற அம்மக்களே.

அவ்வாறாயின் உமறுப்புலவருக்கும் பெயரறியாப் பாடகனுக்கும் வேற்றுமை இல்லையோ எனின், உண்டு. சிறப்பு தனிச்சொல்லில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று இயையும் அமைப்பிலேயே உள்ளது என்றார் அப்துல் காஹிர் ஜுர்ஜானி. பூட்டிலும் இரும்பு எல்லார்க்கும் பொதுவே. அடுக்கும் முறையே தரத்தைப் பிரிக்கின்றது. செய்யுள் வனப்பில் 'நூறு மசலா' சீறாவுக்கு நிகரன்று. ஆயினும் இவ்வேற்றுமை ஏற்றத்தாழ்வின் அளவைப் பற்றியதே. இருவரிடத்தும் தொழிற்படும் அறிவு ஓரினத்தது. பொது மக்கள் பேசிப் பழகித் தீட்டிய தமிழன்றோ உமறுவின் கைக்கும் கருவியாயிற்று!

கொள்வார் குறையின் தொழில் குன்றும் என்பதும் இப்னு கல்தூன் கூற்றே. இயந்திரப் பூட்டுகளின் போட்டியால் கைப்பூட்டுத் தொழில் நலிந்துள்ளதைத் திண்டுக்கல்லார் அறிவர். கேட்போரின்றி மசலாவும் அவ்வாறே மெலிகின்றது. மேதையரைப் போற்றும் விழாக்கள் நடக்கட்டும். அவற்றோடு, மசலாக்களும் கிஸ்ஸாக்களும் நினைவிலுள்ள முதியோர் நம் இல்லங்களில் இருப்பின், அவர்களிடம் அமர்ந்து கேட்டு ஏட்டில் எழுதிக்கொள்வோமாக. திறனாய்வு அங்கிருந்து தொடங்குதல் நன்று.