இரட்டைக் குட்டி மட்டும் போதுமா?

தக்காணிச் செம்மறியாடு பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். வங்காளத்துச் சுந்தரவனத்தின் கரோல் ஆடோ இரண்டு, மூன்று போடும். ஆனால் உருவில் மிகச் சிறியது. மகாராஷ்டிர மாநிலம் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் இவ்விரண்டையும் கலந்தனர். பிறந்த கலப்பினத்தை மீண்டும் மீண்டும் தக்காணியுடன் சேர்த்து, உடல் பருமன் குறையாமல் இரட்டை ஈனும் பண்பை நிலைநிறுத்தினர்.

இப்பண்புக்குக் காரணம் 'பெக்-பி' என்னும் ஒரே மரபணு. சூலகம் ஒரே பருவத்தில் கூடுதல் முட்டைகளை வெளியிட இது வழிசெய்கிறது. இதன் மூலக்கூறு மாற்றம் 2001-இல் கண்டறியப்பட்டது. அதன்பின் இரத்தச் சோதனையாலேயே கிடாவைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. அதன் மகள்கள் ஈனும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆடுகளைப் பண்ணையோடு நிறுத்தாமல், ஆடு வளர்ப்போரின் மந்தைகளிலும் விட்டுச் சோதித்ததே இவ்வாராய்ச்சியின் தலையாய சிறப்பு. ஆனால் வாசகர்களே, ஒன்றை மறக்கலாகாது. இம்மரபணு முட்டைகளைப் பெருக்கும், தீவனத்தைப் பெருக்காது. தாய், தந்தை இருவழியிலும் இதைப் பெற்ற ஆடு மூன்று குட்டிகள்கூட ஈனலாம். வறண்ட நிலத்தில் மேய்ச்சல் தேடி அலையும் மந்தையில் அத்தனைக்கும் பால் ஏது? ஆகவே, பிறந்த குட்டிகளை எண்ணி மகிழ்வது போதாது. பால்குடி மறந்து பிழைத்து நிற்கும் குட்டிகளின் எண்ணிக்கையே இவ்வாராய்ச்சிக்குச் சரியான அளவுகோல்.