அம்புக்குறியும் ஏரிக்கரையும்: மணிமங்கலப் போரை நிலப்படத்தில் வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய படையெடுப்புகளை விளக்க வரலாற்று நிலப்படத் தொகுப்புகளைக் கையாளும் முறையை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. தாம்பரத்துக்கு மேற்கே உள்ள மணிமங்கலத்தில் நிகழ்ந்த பல்லவ - சாளுக்கியப் போரையும், காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் 1780இல் நிகழ்ந்த போரையும் எடுத்துக்கொண்டு, சான்று சொல்வது எது, படம் வரைந்தவர் ஊகித்தது எது என்று பிரித்துக் காண முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நிலப்படம், அளவுவிகிதம், மணிமங்கலம், புள்ளலூர், கூரம் செப்பேடு, ஏரி.

அம்புக்குறி என்னும் கூற்று

படையெடுப்பைக் காட்டும் நிலப்படத்தில் அம்புக்குறி ஒன்று வரையப்படும்போது மூன்று செய்திகள் ஒருசேரச் சொல்லப்படுகின்றன. படை எங்கிருந்து புறப்பட்டது, எவ்வழியே சென்றது, எங்கே போரிட்டது என்பன அவை. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களுக்கு இம்மூன்றையும் நிறுவக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் உள்ளன. ஏழாம் நூற்றாண்டுப் போர்களுக்குப் பெரும்பாலும் மூன்றாவது செய்திக்கு மட்டுமே சான்று கிடைக்கிறது. அதுவும் ஓர் ஊர்ப்பெயர் என்ற அளவில். எனினும் இருகாலப் போர்களும் ஒரே தடிமனும் ஒரே உறுதியும் கொண்ட அம்புக்குறியால் காட்டப்படுவது வழக்கமாகிவிட்டது. சான்றின் வலிமை வேறுபடுவதைக் கோட்டின் தன்மை காட்டுவதில்லை.

சி. காலின் டேவிஸ் 1949இல் வெளியிட்ட இந்தியத் தீபகற்ப வரலாற்று நிலப்படத் தொகுப்பும், ஜோசப் ஷ்வார்ட்ஸ்பெர்க் பதிப்பித்துச் சிகாகோ பல்கலைக்கழகம் 1978இல் வெளியிட்ட தெற்காசிய வரலாற்று நிலப்படத் தொகுப்பும் இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுபவை. இரண்டாவது நூலில் படங்களோடு விரிவான விளக்கவுரையும் நூற்பட்டியலும் உண்டு. படத்தை எடுத்தாள்வோர் விளக்கவுரையை விட்டுவிடுவதே சிக்கல். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் படம் மட்டும் மீள வரையப்படுகிறது. அங்கு அது ஆசிரியரின் வாதம் என்ற நிலையிலிருந்து சான்று என்ற நிலைக்கு உயர்ந்துவிடுகிறது.

அளவுவிகிதத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஒரு கோடிக்கு ஒன்று என்னும் விகிதத்தில் வரையப்பட்ட படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 100 கி.மீ. காஞ்சிபுரத்துக்கும் மணிமங்கலத்துக்கும் இடைப்பட்ட தொலைவு நேர்க்கோட்டில் 40 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. படத்தில் அது நான்கு மில்லிமீட்டரைத் தொடாது. காஞ்சிபுரத்துக்கும் புள்ளலூருக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். அம்பின் தலையே அதைவிடப் பெரியது. தலைநகரின் எந்தத் திசையில் போர் நிகழ்ந்தது என்ற கேள்வியை இத்தகைய படத்தில் எழுப்பவே இயலாது. பல்லவ - சாளுக்கியப் போரைப் பொறுத்தவரை அதுவே முதன்மையான கேள்வி.

செப்பேடுகள் சொல்வதும் சொல்லாததும்

இரண்டாம் புலிகேசியின் அய்கொளெ கல்வெட்டு சக ஆண்டு 556, அதாவது பொ.ஆ. 634 - 35ஐச் சேர்ந்தது. பல்லவ வேந்தன் சாளுக்கியப் படை எழுப்பிய புழுதியில் மறைந்து காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கினான் என்பது ரவிகீர்த்தியின் கூற்று. போர்க்களத்தின் பெயர் அங்கு இல்லை. இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடு மகேந்திரவர்மன் தன் முதன்மைப் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்கிறது. அப்பகைவர் யார் என்று அது கூறவில்லை. பகைவன் புலிகேசி என்பது வரலாற்றாசிரியர்களின் ஊகம். பொருத்தமான ஊகமே, ஆயினும் வாதாபியிலிருந்து புள்ளலூருக்கு அம்பு வரைபவர் செப்பேட்டில் இல்லாத பெயரைப் படத்தில் எழுதுகிறார் என்பதை மறக்கலாகாது.

முதலாம் நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு இன்னும் தெளிவானது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய போர்களில் புறங்காட்டிய புலிகேசியின் முதுகை ஏடாகக் கொண்டு நரசிம்மவர்மன் வெற்றி என்னும் சொல்லை எழுதினான் என்னும் பொருள்பட அது பேசுகிறது. உதயேந்திரம் செப்பேடும் இம்மூன்று ஊர்களையும் இதே வரிசையில் தருகிறது. இரு சான்றுகள் ஒத்துப்போவதாக இதைக் கொள்வது எளிது. ஆனால் அரச மரபைப் புகழும் பகுதி ஒரு செப்பேட்டிலிருந்து மற்றொன்றுக்கு வழிவழியாக எடுத்தெழுதப்படும் இயல்புடையது. ஆகவே இரண்டாவது செப்பேட்டைத் தனிச்சான்றாகக் கொள்வதில் தயக்கம் தேவை. மேலும், பெயர்கள் வரும் வரிசையே போர்கள் நடந்த கால வரிசை என்பதற்கும் ஆதாரம் இல்லை. மூன்றனுள் பரியளமும் சூரமாரமும் எவை என்பதில் உறுதி ஏற்படவில்லை. நிலத்தில் கால் ஊன்றி நிற்பது மணிமங்கலம் ஒன்றே, அதுவும் பெயரொற்றுமையால்.

காஞ்சிக்குக் கிழக்கே ஒரு களம்

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ வழியே மணிமங்கலம் என்னும் பெயரை அறிந்தவர் பலர். மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக அவ்வூருக்குச் செல்வோர் அதன் அமைவிடம் பற்றி வியப்படைய வேண்டும். வாதாபி காஞ்சிக்கு வடமேற்கே உள்ளது. அங்கிருந்து வந்த பகைவன் காஞ்சிக்குக் கிழக்கே ஏன் போரிட்டான்? தலைநகரைக் கடந்து கடற்கரைப் பக்கம் அவன் வந்தது எவ்வாறு?

மூன்று விடைகள் இயலும். வேங்கி நாடு அப்போது சாளுக்கியர் வசம் இருந்தமையால் படை கிழக்குக் கடற்கரையை ஒட்டி வடக்கிலிருந்து இறங்கியிருக்கலாம். காஞ்சியின் மதிலைத் தகர்க்க இயலாத படை அதைச் சுற்றியுள்ள நாட்டில் உணவும் தீவனமும் தேடிப் பரவியிருக்கலாம். அல்லது முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பும் படையைப் பல்லவர் துரத்திப் பிடித்த இடமாக அது இருக்கலாம். முதல் விடைக்கு நெல்லூர்ப் பக்கமிருந்து நீண்ட அம்பு ஒன்று வேண்டும். ஆனால் அவ்வழியே காஞ்சிக்கு வருபவர் மணிமங்கலம் வரை தெற்கே இறங்கவேண்டிய தேவை இல்லை. மூன்றாவது விடை திசைக்கே முரணானது. வடமேற்கே திரும்பவேண்டிய படை கிழக்கே ஓடியது என்று கொள்ளவேண்டும். எஞ்சுவது இரண்டாவது. காஞ்சியைச் சுற்றிலும் எல்லாத் திசையிலும் ஏரிகள் உண்டு என்ற மறுப்பு அதற்கு எதிராக நிற்கிறது. ஆயினும் சோதிக்கத்தக்க ஊகம் அது ஒன்றே. சோதிக்கும் இடம் சிறுவிகித அட்லஸ் அன்று. இந்திய நில அளவைத் துறையின் 50,000க்கு ஒன்று என்னும் விகிதத்தில் அமைந்த படத்தாள்.

அத்தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டர். வண்டலூர்க் குன்றுகள், பல்லாவரம் - திரிசூலம் குன்றுகள், பரங்கிமலை ஆகியவை விட்டுவிட்டு ஒரு வரிசையாகத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்கின்றன. பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை இருப்பதால் இக்குன்று வரிசை பல்லவ ஆட்சியின் கண்ணுக்குள் இருந்தது என்பதில் ஐயமில்லை. குன்றுகளுக்கு மேற்கே நிலம் தாழ்ந்து ஏரிகளாக விரிகிறது. மணிமங்கலம், ஆதனூர் வட்டார ஏரிகளின் உபரிநீர் சேர்ந்தே அடையாற்றின் தலைப்பகுதி உருவாகிறது. வடக்கே செம்பரம்பாக்கம். ஏரிக்கரை என்பது யானைக்கும் குதிரைக்கும் தடுப்பாகவும் ஆகும், நடைபாதையாகவும் ஆகும். எந்தக் கரையை யார் பிடித்திருந்தார் என்பதைப் பொறுத்தது அது.

பருவமும் குறுக்கிடுகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது இத்தாழ்நிலத்தின் இயல்பு நகரவாசிகளுக்கு விளங்கியது. ஐப்பசி, கார்த்திகையில் பெரும்படை நகர இயலாத சேறு. பங்குனியில் காய்ந்த வெளி. ஒரே நிலத்துக்கு இரண்டு படங்கள் தேவைப்படுகின்றன. போர் எப்பருவத்தில் நிகழ்ந்தது என்று செப்பேடு சொல்லவில்லை. ஆகவே எந்தப் படத்தைக் கையாள்வது என்பதை ஆய்வாளர் வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இன்றைய தாளில் காணும் ஏரிகளை அப்படியே ஏழாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்லலாகாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சான்று தேடவேண்டும். தேடும் இடமும் தொலைவில் இல்லை. மணிமங்கலப் போரைக் கூறும் அதே கூரம் செப்பேடு, கூரத்தில் பரமேசுவர தடாகம் என்னும் ஏரி அமைக்கப்பட்டதையும் அதற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வெட்டப்பட்டதையும் பதிவுசெய்கிறது. அரசியல் வரலாறு எழுதுவோர் வடமொழிப் புகழுரையையும், நீர்ப்பாசன வரலாறு எழுதுவோர் தமிழ்ப்பகுதியையும் எடுத்துக்கொண்டு பிரிந்துபோகின்றனர். ஒரே செப்பேட்டின் இரு பகுதிகளையும் ஒரே படத்தில் இட்டுப் பார்க்கும் முயற்சி அரிதாகவே உள்ளது.

மணிமங்கலம் இராஜகோபாலப் பெருமாள் கோயிற் சுவர் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. பிற்காலத்தில் செங்காட்டுக் கோட்டத்துச் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய அவ்வூரில் இரண்டாம் இராஜேந்திரன், வீரராஜேந்திரன் ஆகியோரின் மெய்க்கீர்த்திகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முன்னவனுடையது, பேராற்றங்கரைக் கொப்பத்தில் சாளுக்கியரோடு நிகழ்ந்த போரை விவரிக்கிறது. அக்கொப்பம் கிருஷ்ணையின் கரையிலுள்ள கித்ராபூர் என்பர் ஒரு சாரார். கொப்பல் என்பர் மற்றொரு சாரார். இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 200 கி.மீ. உள்ளது. அட்லஸில் இருப்பதோ ஒரு புள்ளி.

புள்ளலூர்: காத்திருப்பு தெரியாத படம்

சான்று நிறைந்த ஒரு போரை ஒப்புநோக்கினால் அம்புக்குறியின் குறை மேலும் வெளிப்படும். 1780 ஜூலையில் ஹைதர் அலி கருநாடகச் சமவெளியில் இறங்கினார். பரங்கிமலையில் முகாமிட்டிருந்த ஹெக்டர் மன்றோ, குண்டூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த பெய்லியின் படையைக் காஞ்சிபுரத்தில் வந்து சேருமாறு பணித்து, தாமும் ஆகஸ்டு இறுதியில் அங்குச் சென்றார். பெய்லி ஆகஸ்டு 25இல் கொசத்தலையாற்றின் வடகரையை அடைந்தார். அன்று ஆறு கடக்கும் நிலையில் இருந்தது. அவர் கடக்காமல் தங்கினார். இரவில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில்தான் அக்கரை சேர முடிந்தது. 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் திப்பு தாக்கினார். மன்றோ அனுப்பிய ஃபிளெட்சரின் சிறுபடை 9ஆம் நாள் வந்து சேர்ந்தது. 10ஆம் நாள் புள்ளலூரில் பெய்லியின் படை முற்றாக அழிந்தது. காஞ்சியில் இருந்த மன்றோ பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியே பரங்கிமலைப் பக்கம் பின்வாங்கினார்.

நிலப்படத்தில் இது குண்டூரிலிருந்து புள்ளலூர்வரை வளைந்துவரும் ஒரே கோடு. ஆனால் போரின் முடிவைத் தீர்மானித்தவை கோட்டின் நீளமோ வளைவோ அல்ல. ஆற்றங்கரையில் கழிந்த நாள்களும், பதினான்கு மைல் தொலைவில் நகராமல் இருந்த ஒரு படையும்தான். அம்புக்குறியில் காத்திருப்புக்கு இடமில்லை. வராத படையைக் காட்டவும் குறியீடு இல்லை. கடிதங்களின் துணையால் இப்போரில் அக்குறையை நிரப்ப இயல்கிறது. மணிமங்கலத்தில் அத்துணை இல்லாததால், கோடு கூறும் நேரான, தடையற்ற நகர்வே வரலாறாக நின்றுவிடுகிறது.

அடுத்த ஆண்டே, 1781 ஆகஸ்டு 27இல், அயர் கூட் அதே புள்ளலூரில் ஹைதரோடு மோதினார். காசாக்குடிச் செப்பேட்டின் புள்ளலூரையும் சேர்த்தால் ஒரே களத்தில் மூன்று போர்கள். காஞ்சிக்கு வடக்கிலிருந்து வரும் வழியை அடைக்கத்தக்க இடம் அது என்பதற்கு இம்மூன்றும் சேர்ந்து தரும் சான்று, ஏழாம் நூற்றாண்டு அம்பு ஒன்றைக் காட்டிலும் வலிது.

படத்தாளின் பதிப்பாண்டு

இப்படத்தாள்களின் பிறப்பும் போரோடு தொடர்புடையதே. ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்த 1799ஆம் ஆண்டுப் போரில் பங்குகொண்ட வில்லியம் லாம்டன், 1802 ஏப்ரல் 10இல் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். எனவே அந்த அளவைவழி வந்த தாள்களும் மாசற்ற சான்றுகள் அல்ல. வழியையும் கோட்டையையும் தேடிய கண்ணால் வரையப்பட்டவை என்ற எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும். ஆயினும் ஏரி, கலங்கல், வரத்துக்கால் ஆகியவற்றை அவை காட்டும் நுணுக்கம் வேறெங்கும் கிடைப்பதில்லை.

நடைமுறையில் இரண்டு இடர்கள் உள்ளன. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் தாம்பரம் ஒரு மாவட்டத்திலும் மணிமங்கலம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. மாவட்ட எல்லையை அடிப்படையாகக் கொண்டு வரையப்படும் ஆய்வேட்டுப் படங்களில் இப்போர்க்களத்தின் குன்றுப்பக்கமும் ஏரிப்பக்கமும் வெவ்வேறு தாள்களுக்குப் போய்விடுகின்றன. கோட்டப் பிரிவை அடிப்படையாகக் கொண்ட படமே இங்குப் பொருந்தும். மற்றொன்று, தாளின் பதிப்பாண்டு. பழைய பதிப்புகளில் நீராகவும் வயலாகவும் காட்டப்பட்ட இடங்கள் பலவற்றில் இன்று குடியிருப்புகள் உள்ளன. செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி மணிமங்கலப் போரை வாசிப்பவர், முடிச்சூரின் தெருக்களுக்கு இடையே வரத்துக்கால்களைத் தேடவேண்டியிருக்கும். எந்த ஆண்டுப் பதிப்பின்மீது அம்பு வரையப்பட்டது என்பதையும், செப்பேடு தராத பகுதியைப் புள்ளிக்கோட்டால் காட்டியிருப்பதையும் படத்தின் அடியிலேயே எழுதுவதற்கு இரண்டு வரிகள் போதும்.