பொறி சிந்தும் பனம்பூ

தீபாவளிக்குக் கொளுத்தும் கம்பி மத்தாப்பில் எரிவதற்கு வேண்டியதெல்லாம் கம்பியின் மேலேயே பூசியிருக்கிறது. எரிபொருளும் அதற்கு ஆக்சிஜன் தரும் உப்பும் கலந்திருப்பதால், பற்றவைத்துவிட்டுச் சும்மா நின்றாலும் அது பூச்சொரியும். கார்த்திகைக்குச் சுற்றும் மாவளி அப்படியில்லை. அதற்குள் இருப்பது பனம்பூவைச் சுட்ட கரித்தூள். கையில் வைத்துக்கொண்டு நின்றால் கங்கு புகைந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். கயிற்றைப் பிடித்துச் சுழற்றத் தொடங்கிய பிறகுதான் காற்று கரியில் மோதுகிறது, கங்கு சிவக்கிறது, பொறிகள் கழன்று பறக்கின்றன. சுற்றுகிற கை தளர்ந்தால் பொறியும் தளர்ந்துவிடும். மருந்து இல்லாமல் காற்றையும் கையையும் மட்டும் நம்பி எரிகிற இந்த வேடிக்கையின்மேல் எனக்குத் தீராத பிரியம்.

மாவலி, கார்த்திகைப் பொறி என்றும் இதைச் சொல்வார்கள். மகாபலிச் சக்கரவர்த்தியோடு சேர்த்துக் கதை சொல்கிறவர்களும் உண்டு. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் வீட்டிலேயே செய்கிறார்கள். கார்த்திகை விளக்கு தமிழில் மிகப் பழைய விழா. முழுநிலா கார்த்திகை மீன்களோடு சேரும் இரவில் தெருவெல்லாம் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டு ஊர் கூடியிருப்பதை அகநானூற்றின் 141ஆம் பாட்டில் நக்கீரர் காட்டுகிறார். மயிலாப்பூரில் சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்திலும் அந்த விளக்கீடு வருகிறது. இன்றைக்கும் 2,668 அடி உயர அண்ணாமலை உச்சியில் கொப்பரையில் தீபம் தெரிந்த பிறகுதான் சுற்றுவட்டார வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். அகல் ஏற்றி முடிந்ததும் பிள்ளைகள் மாவளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள்.

ஆனால் மாவளியின் வேலை கார்த்திகையில் தொடங்குவதில்லை, கோடையில் தொடங்குகிறது. பனையில் ஆண், பெண் தனித்தனி மரம். நுங்கு காய்ப்பது பெண்பனை. ஆண்பனையில் விரல் விரலாக நீளக் கதிர்கள்தான் விடும். அந்தக் கதிர்கள் காய்ந்து மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும்போதே பொறுக்கி எடுத்து, மழைக்கு முன் பரணில் போட்டுவிட வேண்டும். ஐப்பசி மழை அதன்மேல் பெய்துவிட்டால் நனைந்து மக்கிப்போகும். அப்புறம் அதிலிருந்து நல்ல கரி வராது.

கரி சுடுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, காய்ந்த பனம்பூவை அதில் குவித்துத் தீ வைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை வரும். அப்புறம் தீ நாக்கு விட்டு எரியும். தீ அடங்கி, குவியல் முழுவதும் செக்கச்செவேலென்று கனியும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் ஈரச் சாக்கைப் போட்டு மண்ணைத் தள்ளி மூச்சுவிடாமல் மூடிவிட வேண்டும். முந்தினால் உள்ளே வேகாத பூ நின்று, பிறகு சுற்றும்போது பொறிக்குப் பதில் புகைதான் வரும். பிந்தினால் சாம்பல் மிஞ்சும். செஞ்சிப் பக்கம் ஒரு பெரியவர் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். கடிகாரத்தையோ தீயையோ அவர் பார்க்கவில்லை. புகை நின்றதா என்று மட்டும் பார்த்தார். மறுநாள் காலையில் மண்ணை விலக்கி ஒரு கதிரை எடுத்துக் காட்டினார். பூவின் செதில் ஒன்றுகூட உருமாறாமல் அப்படியே கருத்து நின்றது. எடை மட்டும் இல்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கியதும் சத்தமே இல்லாமல் பொடிந்தது. “இப்படி நொறுங்கணும் தம்பி, நறநறன்னா வேகலைன்னு அர்த்தம்” என்றார்.

மரக்கரியை விட்டுப் பனம்பூக் கரியைத் தேடிப்போகும் காரணமும் அந்த நொறுங்கலில் தெரிந்துவிடுகிறது. விறகுக்கரி கெட்டி, உடைத்தால் துண்டு துண்டாகத்தான் வரும். பனம்பூ அடுக்கடுக்கான மெல்லிய செதில்களால் ஆனது. சுட்டால் லேசான கரியாகி, சீக்கிரம் பற்றி, சீக்கிரம் கழன்று பறக்கிறது. அடுத்தது, எவ்வளவு பொடிப்பது என்ற கேள்வி. பலர் மை போல அரைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவ்வளவு நுணுக்கினால் தூள் பொட்டலத்தைவிட்டு வெளியே வந்த மாத்திரத்தில் எரிந்து தீர்ந்துவிடும்; நெருப்பைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் தெரியும், பொறிக்கு வால் இருக்காது. ரவை ரவையாக இருந்தால் எரியும் துகள் தரைவரை வந்து விழும். இரண்டும் கலந்து இருப்பதே அழகு. அம்மியில் ஓட்டி, பழைய துணியில் சலித்து, சலிப்பில் தங்கிய குருணையில் ஒரு பங்கைத் திரும்பக் கலந்தால் அந்தப் பதம் கிடைக்கும். சில வீடுகளில் கல்லுப்பையும் பொடித்துச் சேர்ப்பார்கள். சூட்டில் உப்பு படபடவென்று வெடித்துக் கரியைத் தெறிக்கவிடும். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். நான் உப்பில்லாத மாவளியின் கட்சி. சத்தமில்லாமல் இழை இழையாகக் கொட்டும் பொறியை உப்பு குலைத்துவிடுகிறது.

துணி பருத்தியாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணி. பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சொட்டும். கையில் பட்டால் பொத்துப்போகும். கரியைத் துணியில் கொட்டி ஒரு சாண் நீளத்துக்குச் சுருட்டி, அமுக்கி அமுக்கி நூலால் நெருக்கமாகக் கட்டுவார்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து “இன்னும் கொஞ்சம் கரி போடுங்க தாத்தா” என்று நச்சரிப்பார்கள். கரி எவ்வளவு என்பதைவிட இறுக்கம்தான் முக்கியம். இறுகக் கட்டினால் மேற்பரப்பு மட்டும் எரிந்து, படலம் படலமாகப் பொறி உதிரும். தளர்ந்தால் நாலு சுற்றிலேயே கரி கட்டியாகக் கொட்டித் தீரும்.

பிறகு பச்சைப் பனைமட்டை. ஒரு முனையிலிருந்து பாதிவரை மூன்றாகப் பிளந்து, நடுவில் பொட்டலத்தைச் செருகி, பிளந்த முனைகளைச் சேர்த்துக் கட்டுவார்கள். பிளக்காத மறுபாதியில் கயிறு கோக்கப்படும். இந்த அமைப்பை உட்கார்ந்து யோசித்தால் வியப்புதான் வருகிறது. பச்சை மட்டை சட்டென்று தீப்பிடிக்காது. மூன்று சிம்புகளுக்கு நடுவில் காற்று புகுந்து போகத் தாராளமாக இடமிருக்கிறது. கயிற்றுக்கும் நெருப்புக்கும் நடுவே முழ நீள மட்டை நிற்பதால் கயிறு கருகி அறாது. ஆணியும் கம்பியும் இல்லாமல், ஒரே மரத்தின் பூவையும் மட்டையையும் கொண்டு கட்டிய நெருப்புக்கூடு அது.

பொட்டலத்தின் தலையில் அடுப்புக் கங்கு ஒன்றை வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். முதல் சில சுற்றில் புகை மட்டும் வரும். துணி எரிந்து விலகியதும் ஒன்றிரண்டு பொறி, அப்புறம் திடுமெனப் பொன்மழை. தலைக்குமேல் கிடையாகச் சுற்றினால் சுற்றுபவரைச் சுற்றிக் குடை விரியும். பக்கவாட்டில் செங்குத்தாகச் சுற்றினால் சக்கரம் தெரியும், கீழே வரும்போதெல்லாம் பொறிகள் தரையில் உருண்டோடும். குடையே எனக்கு இன்னும் பிடித்தது. வேகம் கூடிக்கொண்டே போவதைவிட ஒரே சீராகச் சுற்றுகிறவரின் மாவளியில் பொறிகளின் வால் ஒரே நீளத்தில் வளைந்து விழும். நிறம் ஒன்றுதான், சிவப்பு கலந்த பொன். பச்சையும் நீலமும் வேண்டுமென்றால் ரசாயனத்திடம்தான் போக வேண்டும். இப்போது இரும்புக் கம்பளியைக் கொளுத்திச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள். படத்தில் அது இன்னும் பிரகாசமாகத்தான் தெரிகிறது. ஆனால் இரும்புப் பொறி பெரும்பாலும் விறைப்பாகக் கோடு கிழித்துக்கொண்டு பாயும். கரிப்பொறி லேசு, காற்றில் நெளிந்து நெளிந்து இறங்கும். நேரில் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் மறக்காது.

மாவளியைத் தனக்கென்று செய்துகொள்கிறவர்களை நான் பார்த்ததில்லை. கட்டுகிறவர் பெரும்பாலும் தாத்தாவோ மாமாவோதான், சுற்றுகிறவர்கள் பிள்ளைகள். கரி சுட்ட வீட்டிலிருந்து அக்கம்பக்கத்துக்கு ஒரு கிண்ணம் தூள் போகும், பதிலுக்கு அங்கிருந்து மட்டை வரும். ஒரு மாவளி பல கை மாறும். வைக்கோல் போரும் கூரையும் இல்லாத திடலாகப் பார்த்துப் பெரியவர்கள் அனுப்புவார்கள். அடைமழை விட்ட கார்த்திகையில் புல்லும் மண்ணும் ஈரமாக இருப்பதும் ஒரு காவல். இதே ஆட்டம் சித்திரையில் என்றால் ஊர் தாங்காது.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் போனால் அதே பனை வேறு வடிவில் பண்டிகைக்கு வருகிறது. கருப்பட்டி சேர்த்த அரிசிமாவைப் பனங்குருத்து ஓலைக்குள் வைத்து மடித்துக் கட்டி வேகவைத்தால் ஓலைக் கொழுக்கட்டை. ஓலையின் வாசம் மாவில் இறங்கியிருக்கும். கோயில் வாசலில் பனையை நட்டு ஓலை வேய்ந்து கொளுத்துவது சொக்கப்பனை. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். பனங்கொட்டை நடும் இளைஞர்களையும் இப்போது ஊர்தோறும் பார்க்கிறோம். மனம் நிறைகிறது. நட்டது ஆணா பெண்ணா என்று தெரியப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். கதிர் விட்டதும் ‘ஐயோ, நுங்கு வராதே’ என்று முகம் சுளிக்காதீர்கள். உங்கள் தெருவில் மாவளி சுற்றக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த மரம்தான். இந்தக் கோடையில் அதனடியில் ஒரு சாக்கை விரித்து வையுங்கள். உதிர்ந்ததை அன்றன்றைக்கே எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் கிடந்தாலும் கெடாது, பனியும் மழையும்தான் ஆகாது. கரி சுடத் தெரிந்தவர் ஊரில் இன்னும் ஒருவராவது இருப்பார். புரட்டாசி முடிவதற்குள் அவரிடம் போய்ச் சொல்லிவையுங்கள்.