செங்கற்சுவரும் இழை வலுவூட்டிய பாலிமரும்: ஒரு மதிப்பீடு

செங்கற்சுவர் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இக்குறையை ஈடுசெய்யக் கண்ணாடி இழை அல்லது கார்பன் இழைத் துணியை எப்பாக்சி பசையால் சுவர்மீது ஒட்டுவதே இழை வலுவூட்டிய பாலிமர் முறை ஆகும். எடை குறைவு, துருப்பிடிக்காமை, சுவரின் கனம் கூடாமை ஆகியன இதன் சிறப்புகள். 2002-ஆம் ஆண்டு ஐ.எஸ். 1893 திருத்தம் சென்னையை நிலநடுக்க மண்டலம் 2-இலிருந்து 3-க்கு மாற்றியதால், பழைய வீடுகளை வலுப்படுத்தும் தேவை மெய்யானதே.

ஆயினும் தாம்பரம் பகுதிக்கு இம்முறையை அப்படியே பரிந்துரைக்க இயலாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீடுகள் நீரில் நின்றன. எப்பாக்சி பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே தங்கும் ஓதம் பசையின் பிடிப்பைத் தளர்த்தும். அப்போது துணி அறுவதற்கு முன்பே செங்கலின் மேல்தோலோடு உரிந்துவிடும். சாதாரண எப்பாக்சிகள் பல 60 முதல் 80 பாகை செல்சியசில் இளகத் தொடங்குவதால் தீயிலும் பயன் குறையும். கூரையோடு பிணைப்பில்லாத சுவரையும், அடித்தளம் இறங்கிய சுவரையும் துணி மட்டும் காப்பாற்றாது.

ஆகவே ஓதமுள்ள சுவருக்கு, ஐ.எஸ். 13935 கூறும் கம்பிவலை, சிமெண்டுக் கலவைப் பட்டையே ஏற்றது. வலை துருப்பிடிக்காதபடி கலவை அதை நன்றாக மூட வேண்டும். பூச்சு நீக்கி நிரவிய உலர்ந்த சுவரில் பாலிமர் பயன்தரும். எதுவாயினும் ஓதத்தை நிறுத்துவதே முதல் வேலை.