வெகுசன இசையில் ஸ்கேட்போர்டு: அடையாளமும் அசைவும்

வெகுசன இசையில் இடம்பெறும் ஸ்கேட்போர்டு பெரும்பாலும் இளமையின் மீறலைச் சுட்டும் குறியீடாகவே கொள்ளப்படுகிறது. இப்பொதுமை பாடல்களுக்கிடையேயான அடிப்படை வேறுபாட்டை மறைக்கிறது.

கனடியப் பாடகி அவ்ரில் லவீனின் ‘ஸ்கேட்டர் பாய்’ (2002) பாடலில், இளைஞனின் தொளதொள உடை தோழியரின் ஏளனத்துக்கு உள்ளாகிறது. அவனை உள்ளூர விரும்பியவளும் விலக்குகிறாள். ஐந்தாண்டுகளுக்குப் பின் அவன் தொலைக்காட்சியில் தோன்றும் ராக் இசைக்கலைஞன். அவன் பலகையில் ஏறிச் செல்லும் காட்சி பாடலில் ஓரிடத்தும் இல்லை. அவனது மதிப்பை மீட்டுத்தருவது புகழே, ஸ்கேட்போர்டு அன்று.

சிகாகோ ராப் கலைஞர் லூப்பே ஃபியாஸ்கோவின் ‘கிக், புஷ்’ (2006) இதற்கு மாறானது. உதைத்தல், தள்ளுதல் என்னும் செயல்களே அதன் தலைப்பு. பல்லவியின் தாளமும் அவ்வசைவைத் தழுவியது. ஆறு வயதில் பலகையைப் பெற்ற சிறுவன் விழுந்தெழுந்து பழகுகிறான். அயலாரின் வெறுப்பு அவனைப் பூங்காவுக்குத் துரத்துகிறது. பின்னர்த் தன்னையொத்த பெண்ணும் நண்பர்களும் வாய்த்தபோதும், செல்லுமிடமெல்லாம் தடையே எதிர்ப்படுகிறது. இங்குப் புகழ் என்னும் தீர்வு இல்லை. நகர்ந்துகொண்டே இருத்தல் மட்டுமே உண்டு.

முதற்பாடல் வென்றபின் ஒருவனை ஏற்கும் சமூகத்தைக் கேள்விக்குட்படுத்துவதில்லை. ஏற்கத் தவறியவளையே கடிகிறது. இரண்டாம் பாடலோ, பொதுவெளி யாருக்குரியது என வினவுகிறது. மீறல் என்னும் சொல் பொருந்துவது இவ்வினாவுக்கே.